ஆசானுக்குப் படியளப்பது எது?

1920களின் தொடக்கம். டோக்கியோவில் ஒகினாவா மாணவர்கள் தங்கிப் படித்த மெய்செய் ஜுகு என்னும் விடுதிக்கு ஒரு பத்திரிகையாளர் வந்தார். தோட்டம் பெருக்கிக்கொண்டிருந்தவரிடம், கராத்தே ஆசான் ஃபுனாகோஷியைப் பார்க்க வேண்டும் என்றார். பெருக்கியவர் துடைப்பத்தை வைத்துவிட்டு உள்ளே போனார். உடை மாற்றிக்கொண்டு திரும்பி வந்து வணங்கி, ஃபுனாகோஷி தான்தான் என்றார். வந்தவர் திகைத்துப் போனார்.

கிச்சின் ஃபுனாகோஷிக்கு அப்போது வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. ஒகினாவாவில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளி ஆசிரியராக வேலை பார்த்தவர். 1922 மே மாதம் ஜப்பானியக் கல்வி அமைச்சகம் டோக்கியோவில் நடத்திய விளையாட்டுக் கண்காட்சியில் கராத்தேயைச் செய்துகாட்ட வந்தார். கண்டவர்கள் கற்றுக்கொடுக்கும்படி கேட்கவே அங்கேயே தங்கிவிட்டார். மனைவி முன்னோர் கல்லறைகளை விட்டு வர மனமில்லாமல் ஊரிலேயே இருந்துகொண்டார். டோக்கியோவில் மாணவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் சேர்ந்தார்கள். அவர்கள் தந்த பணத்தில் வயிற்றைக் கழுவ முடியவில்லை. எனவே விடுதியைக் காவல் காத்தார், தோட்டம் பார்த்தார், அறைகளையும் பெருக்கினார். விடுதிச் சமையல்காரருக்குக் கராத்தே சொல்லிக்கொடுத்து, அதற்கு ஈடாக மாதச் சாப்பாட்டுக் கணக்கில் கொஞ்சம் குறைத்துக்கொண்டார். அதுவும் போதாத ஒரு நாளில் பழைய தொப்பியையும் ஒகினாவாக் கைத்தறி கிமோனோவையும் அடகுக் கடைக்கு எடுத்துப்போனார். பொருளின் மதிப்பை மிஞ்சிய தொகை கிடைத்தது. கடை ஊழியரின் தம்பி தன்னிடம் பயிலும் மாணவர் என்பது அவருக்குப் பிறகுதான் தெரியவந்தது. தன் வாழ்க்கை வரலாற்றில் அவரே எழுதிவைத்த செய்திகள் இவை.

இன்று உலகெங்கும் கோடிக்கணக்கான பிள்ளைகள் வெள்ளை உடை அணிந்து பயிலும் கலையை ஜப்பான் முழுவதற்கும் கொண்டுசேர்த்தவர் அவர். அந்தக் கலை அவருக்கு ஏன் சோறு போடவில்லை? ஒகினாவாவில் கராத்தே ஒருபோதும் பிழைப்பாக இருந்ததில்லை என்பதே விடை. ஃபுனாகோஷியின் ஆசான்களில் ஒருவரான அசாட்டோ, பரம்பரை நிலவுரிமை கொண்ட குடும்பத்தவர். இன்னொருவரான இட்டோசு, ஒகினாவாவை ஆண்ட ரியூக்யூ மன்னரிடம் எழுத்தராக இருந்தவர். இரவில், வீட்டு முற்றத்தில், தெரிந்த ஓரிருவருக்கு மட்டும் கற்றுக்கொடுத்தார்கள். கட்டணம் என்ற பேச்சே எழவில்லை. 1901இல் இட்டோசு ஒகினாவாவின் ஷுரி நகரத் தொடக்கப் பள்ளியில் கராத்தேயைச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கிய பிறகுதான் அது முற்றத்தைவிட்டு வெளியே வந்தது. ஃபுனாகோஷியும் பள்ளிச் சம்பளத்தில்தான் குடும்பம் நடத்தினார். சம்பளத்தை விட்டுவிட்டுக் கலையை மட்டும் நம்பி நின்ற முதல் ஆண்டிலேயே கையில் துடைப்பம் ஏறிவிட்டது.

தற்காப்புக் கலைகளின் பொருளாதார வரலாற்றைப் புரட்டினால் இதே செய்தி திரும்பத் திரும்ப வருகிறது. அடிக்கவும் தடுக்கவும் கற்றுக்கொடுத்த வேலை மட்டுமே ஓர் ஆசானுக்குப் படியளந்தது அரிது. மருத்துவமோ, பள்ளி வேலையோ, மேடையோ, தேர்வுக் கட்டணமோ, ஏதாவது ஒரு பக்கத் தொழில்தான் அவரைக் காப்பாற்றியிருக்கிறது. காப்பாற்றியதோடு நிற்காமல், எதைக் கற்றுக்கொடுப்பது, எவ்வளவு காலம் கற்றுக்கொடுப்பது என்பதையும் அதுவே தீர்மானித்திருக்கிறது.

ஜப்பானிய வாள்வீரர்கள் இதை ஒரே தலைமுறைக்குள் அனுபவித்தார்கள். மெய்ஜி ஆட்சி வந்ததும் சாமுராய்களுக்குப் பிரபுக்கள் தந்துவந்த மானியத்துக்கு ஆபத்து வந்தது. 1876இல் வாள் அணிவதும் தடைசெய்யப்பட்டது. அதற்கு முன்பே, 1873இல், சகாகிபாரா கென்கிச்சி என்ற புகழ்பெற்ற வாளாசான் வேலையிழந்த வீரர்களைத் திரட்டி, டோக்கியோவின் அசாகுசா பகுதியில் நுழைவுச்சீட்டு வைத்து வாட்போட்டி நடத்தினார். மக்கள் திரண்டு வந்தார்கள். வாளின் மானம் போயிற்று என்று பழமையாளர்கள் குமுறினார்கள். ஆனால் பல வீரர்களின் வீட்டில் அடுப்பெரிந்தது அந்தச் சீட்டுக்காசில்தான். சில ஆண்டுகள் கழித்து டோக்கியோ காவல்துறை வாளாசான்களைப் பயிற்சியாளர்களாக வேலைக்கு எடுத்தது. இன்றைய கெண்டோவின் வேர்களில் ஒன்று அங்கே இருக்கிறது.

ஜூடோவை வகுத்த ஜிகோரோ கானோ வேறு வழியில் போனார். 1882இல் எய்ஷோஜி கோயிலின் ஒரு மூலையில், பன்னிரண்டு பாய் விரித்த இடத்தில் கோடோகான் பயிற்சிக்கூடத்தைத் தொடங்கியபோது அவர் பிரபுக்குலப் பிள்ளைகள் படித்த கக்குஷூயின் பள்ளியில் ஆசிரியர். மாணவர்களிடம் கட்டணம் வாங்கவில்லை. செலவு கையை மீறியபோது இரவில் கண்விழித்துக் கல்வி அமைச்சகத்துக்கு மொழிபெயர்ப்பு வேலை செய்து ஈடுகட்டினார். வருமானத்துக்காகக் கலையை வளைக்க வேண்டிய நெருக்கடி அவருக்கு இல்லை என்பதால்தான், ஆபத்தான உத்திகளை ஒதுக்கி, ஜூடோவைக் கல்வியாக வடிவமைக்க முடிந்தது. எல்லா ஆசான்களுக்கும் அந்த வசதி வாய்க்கவில்லை.

கானோ 1883இல் தொடங்கிய ‘டான்’ தரவரிசை, பிற்காலத்தில் உலகம் முழுவதும் ஆசான்களின் வருமானத்துக்கு அடித்தளமானது. அதைக் கட்டணம் கட்டிப் பயிலும் மேற்கத்திய நகரவாசிக்கு ஏற்றபடி விரித்தவர்களில் முக்கியமானவர் 1935இல் பாரிஸ் சென்ற மிகினோசுகே கவாய்ஷி. கறுப்பு பெல்ட் கிடைக்கும்வரை பல ஆண்டுகள் வெள்ளை பெல்ட்டிலேயே காத்திருக்கப் பிரெஞ்சுக்காரர்களுக்குப் பொறுமை இராது என்று கணித்தார். மஞ்சள், ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு எனப் படிகள் வந்தன. உத்திகளுக்கு எண் கொடுத்து வரிசைப்படுத்தினார். ஒவ்வொரு நிறமும் மாணவருக்கு ஊக்கம். ஆசானுக்கு இன்னும் ஆறு மாதம் நிலையான கட்டணம்.

அத்தோடு பிரான்ஸ் நின்றுவிடவில்லை. 1955 நவம்பரில் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது: காசு வாங்கிக்கொண்டு ஜூடோ கற்றுக்கொடுக்க வேண்டுமானால் அரசின் பட்டயம் வேண்டும். ஓர் அயல்நாட்டுச் சண்டைக் கலையின் ஆசிரியரைச் சட்டம் தொழிலாளராக அங்கீகரித்தது. நகராட்சிகள் பயிற்சிக்கூடம் கட்டிக்கொடுத்தன, மன்றங்கள் ஆசிரியரை அமர்த்திக்கொண்டன. இன்று பிரெஞ்சு ஜூடோ கூட்டமைப்பின் பதிவுபெற்ற உறுப்பினர்கள் ஐந்து லட்சம் அளவில் இருக்கிறார்கள். ஜூடோ பிறந்த ஜப்பானில்கூட அத்தனை பேர் இல்லை. ஆசிரியரின் பிழைப்பை ஒழுங்குபடுத்தினால் கலை கெட்டுவிடும் என்று அஞ்சுபவர்கள் பிரான்சைப் பார்க்கலாம்.

கராத்தேயில் இதை ஓரளவு செய்தது ஜப்பான் கராத்தே சங்கம். 1949இல் தொடங்கிய அந்தச் சங்கம் 1956இல் பயிற்றுநர்களை உருவாக்குவதற்கென்றே ஒரு வகுப்பை ஏற்படுத்தியது. பல்கலைக்கழகம் முடித்த இளைஞர்கள் உடற்பயிற்சியோடு கற்பிக்கும் முறையையும் படித்துத் தேறினார்கள். 1961இல் நிஷியாமா லாஸ் ஏஞ்சலஸுக்கும் ஒகாசாகி பிலடெல்பியாவுக்கும் போனார்கள். 1965இல் கனசாவாவும் எனோயெடாவும் பிரிட்டனுக்குப் போனார்கள். சம்பளம் வாங்கும் கராத்தே ஆசிரியர் என்ற புதுப் பிறவி அப்படித்தான் உலகைச் சுற்றியது. ஃபுனாகோஷி 1957இல் காலமானார். தன் மாணவர்களின் மாணவர்கள் துடைப்பம் எடுக்காமல் பிழைத்ததைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

தனிமனிதப் புகழால் பெரும்பணம் பார்த்தவர்களும் உண்டு. அமெரிக்காவுக்குப் போன புதிதில் சியாட்டில் உணவகம் ஒன்றில் பரிமாறுபவராக இருந்த புரூஸ் லீ, பத்தாண்டுக்குள் ஹாலிவுட் நட்சத்திரங்களுக்குத் தனி வகுப்பு எடுத்து மணிக்கு 275 டாலர் வாங்கினார். ஆனால் அதே காலத்தில்தான், 1970இல், தன் பள்ளிகளை மூடிவிட்டார். 1993இல் டென்வரில் நடந்த முதல் யுஎஃப்சி கலப்புச் சண்டைப் போட்டியில் பிரேசிலிய ஜுஜித்சு வீரர் ராய்ஸ் கிரேசி வென்ற பரிசு 50,000 டாலர். போட்டியைத் தொடங்கியவர்களில் அவருடைய அண்ணன் ரோரியனும் ஒருவர். அந்த வெற்றிக்குப் பிறகு பிரேசிலிய ஜுஜித்சு வகுப்புகளில் சேர்ந்த கூட்டத்தோடு ஒப்பிட்டால் பரிசுத்தொகை சிறிய விஷயம். இவர்கள் விதிவிலக்குகள். இவர்களை முன்னுதாரணமாகக் காட்டி ஓர் இளைஞரை இந்தத் தொழிலில் இறக்குவது நியாயமில்லை.

நம் பக்கத்துக்கு வந்தால், மலபாரின் களரி ஆசான்களான குருக்கள்மார் கண்டுகொண்ட வழி உலகின் வேறெந்த மரபையும்விட முதிர்ச்சியானது. பிரிட்டிஷார் மலபாரைக் கைப்பற்றி மக்களிடமிருந்து ஆயுதங்களைப் பறித்தபின் போர்வீரருக்கு வேலை இல்லாமல் போயிற்று. குருக்கள் வைத்தியத்தைப் பிடித்துக்கொண்டார். உழிச்சல், எலும்பு முறிவுக் கட்டு, மர்ம சிகிச்சை ஆகியவை களரிப் பாடத்தின் பகுதியாகவே இருந்தன. பயிற்சியில் மாணவரின் மூட்டு பிசகினால் சரிசெய்யத் தெரிந்தவரே குருக்கள். அதே கை ஊராரின் மூட்டையும் சரிசெய்தது. கர்க்கடக மாத மழையில் எண்ணெய் தேய்த்து உழிய வருபவர்களின் காணிக்கையால் களரி ஆண்டு முழுவதும் நடந்தது. வடகரையின் மீனாட்சி அம்மா, 1949இல் தன் கணவர் தொடங்கிய களரியில் வயது எழுபதைத் தாண்டியும் கற்றுக்கொடுத்து 2017இல் பத்மஸ்ரீ பெற்றார். அங்கே கட்டணம் கிடையாது. மாணவர் மனமுவந்து தரும் குருதட்சிணை மட்டுமே.

இந்த ஏற்பாட்டில் ஒரு நுட்பம் இருக்கிறது. கராத்தே மாஸ்டரின் முதலீடு அவருடைய உடம்பு. ஐம்பது வயதில் முழங்கால் மக்கர் செய்தால் வருமானம் சரியும். குருக்களுக்கோ வயது ஏற ஏறக் கைராசிக்காரர் என்ற பெயரும் ஏறும். உதைக்க முடியாத வயதிலும் உழிய முடியும், நாடி பார்க்க முடியும்.

மலபாரில் வேறொரு பிழைப்பும் களரியிலிருந்து முளைத்தது. தலச்சேரியின் கீலேரி குஞ்ஞிக்கண்ணன் களரி பயின்றவர், பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியர். சத்ரே என்பவர் நடத்திய சர்க்கஸைப் பார்த்து ஈர்க்கப்பட்டு, 1901இல் சிறக்கரையில் சர்க்கஸ் கலைஞர்களுக்குப் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். அவருடைய மாணவர் பரியாலி கண்ணன் 1904இல் மலபார் கிராண்ட் சர்க்கஸை நிறுவினார். களரியின் மெய்ப்பயிற்சி, கூடாரத்தில் கம்பி மேல் நடந்து, ஊசலில் பறந்து, தலச்சேரியின் பல ஏழைக் குடும்பங்களைக் காப்பாற்றியது. இன்று கேரளத்தின் சுற்றுலா ஊர்களில் மாலைதோறும் சீட்டுக் கொடுத்து நடக்கும் களரிக் காட்சிகள் அதன் தொடர்ச்சியே. காட்சிக்கு ஏற்றவாறு பாய்ச்சலும் தீப்பொறியும் கூடுகின்றன, அமைதியாக நடக்க வேண்டிய அடிப்படைச் சுவடுகள் குறைகின்றன. மேடை படியளந்தால் மேடைக்கு வேண்டியதே பெருகும்.

தமிழ்நாட்டில் குமரி மாவட்டத்து ஆசான்கள் குருக்கள்மாரின் வழியிலேயே நடந்தவர்கள். அடிமுறையும் வர்ம வைத்தியமும் ஒரே ஆளிடம் இருந்தன. மாலையில் களரி, காலையில் ஒடிவு முறிவுக்குக் கட்டு. நெல்லையிலும் மதுரையிலும் தஞ்சையிலும் சிலம்ப வாத்தியாருக்கு வேறு தொழில் ஏதாவது இருக்கும்: உழவு, கொத்து வேலை, மில் வேலை. அறுவடை முடிந்து கோயில் திருவிழா வரும் மாதங்களில் பிள்ளைகளைத் திரட்டிக் கம்பு சொல்லிக்கொடுப்பார். திருவிழாவில் சிலம்பம் சுற்றிக் காட்டினால் வேட்டியும் கொஞ்சம் பணமும் கிடைக்கும். வெற்றிலை பாக்கில் வைத்த தட்சிணையை எண்ணிப் பார்ப்பதுகூட மரியாதைக் குறைவு என்று நினைத்த தலைமுறை அது. சினிமா வந்தபின் சிலம்பம் தெரிந்தவர்கள் சிலருக்குச் சென்னையில் சண்டைக் கலைஞர் வேலை கிடைத்தது. ஆனால் எம்.ஜி.ஆர். படங்களின் கம்புச் சண்டைகள் கலைக்குத் தேடித்தந்த புகழில் ஊர் வாத்தியாருக்குச் சேர்ந்த பங்கு குறைவு.

புரூஸ் லீ படங்கள் ஓடிய எழுபதுகளுக்குப் பிறகு வந்த கராத்தே, இங்கே வேறொரு கட்டமைப்பைக் கொண்டுவந்தது. மாதக் கட்டணம், சீருடை, பெல்ட் தேர்வு, சான்றிதழ், போட்டி. சென்னை முதல் சிறு நகரங்கள்வரை ஒரு கராத்தே மாஸ்டரின் நாள் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் இருக்கும். விடிகாலையில் மைதானத்திலோ மொட்டை மாடியிலோ ஒரு வகுப்பு. பகலில் தனியார் பள்ளிகளில் வாரம் ஓரிரு பீரியட். மாலையில் கல்யாண மண்டபத்திலோ குடியிருப்பு வளாகத்திலோ இன்னொரு வகுப்பு. பள்ளியில் பெற்றோரிடம் வசூலாகும் தொகையில் எவ்வளவு மாஸ்டரின் கைக்கு வரும் என்பது நிர்வாகத்தோடு அவர் பேசி முடிக்கும் உடன்பாட்டைப் பொறுத்தது. ஏப்ரல், மே மாதங்களில் கோடைப் பயிற்சி முகாம் கைகொடுக்கும். தேர்வு மாதங்களில் வகுப்பே காலியாகும். 2020இல் ஊரடங்கு வந்தபோது, சேமிப்பும் காப்பீடும் இல்லாத இந்தத் தொழில் ஒரே வாரத்தில் முடங்கியது. எத்தனையோ மாஸ்டர்கள் கிடைத்த வேலைக்குப் போனார்கள். எல்லாரும் திரும்பி வரவில்லை.

பெல்ட் தேர்வைப் பற்றிப் பொதுவெளியில் பேசப்படும் குறைகளில் பாதி உண்மை இருக்கிறது. மாதக் கட்டணத்தைக் குறைவாக வைக்கும் மாஸ்டருக்குத் தேர்வுக் கட்டணமே இழப்பை ஈடுகட்டுகிறது. அதில் ஒரு பங்கு பாணியின் தலைமையகத்துக்கும் போகிறது. அதைக் கொள்ளை என்று ஒட்டுமொத்தமாகத் திட்டுவது அநியாயம். ஆனால் கட்டணம் கட்டிய எல்லாரும் தேறித்தான் ஆக வேண்டும் என்ற நிலை வரும்போது மாஸ்டரின் வருமானமும் மாணவரின் நலனும் எதிரெதிர் திசையில் இழுக்கத் தொடங்குகின்றன. பத்து வயதில் கறுப்பு பெல்ட் கட்டிய பிள்ளைக்குத் தன்னால் தன்னைக் காத்துக்கொள்ள முடியும் என்ற பொய் நம்பிக்கை வருகிறது. தற்காப்பைச் சொல்லிக்கொடுக்கும் தொழிலில் இதைவிடப் பெரிய தவறு இல்லை. இங்கே கராத்தே கற்றுக்கொடுக்க உரிமம் எதுவும் தேவையில்லை. யாரும் பலகை மாட்டலாம். சங்கங்களோ பிளவுபட்டுக் கிடக்கின்றன. எந்தச் சான்றிதழ் செல்லும், எது செல்லாது என்று பெற்றோர் எப்படி அறிவார்கள்?

அரசு இந்தத் துறையில் காசு போடாமலில்லை. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டமான சமக்ர சிக்ஷாவின் கீழ், அரசுப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்புவரையிலான மாணவிகளுக்குத் தற்காப்புப் பயிற்சி தரப்படுகிறது. முன்பு ஒரு பள்ளிக்கு மாதம் 3,000 ரூபாய் என்று இருந்த தொகை பிறகு 5,000 ஆக உயர்ந்தது. எத்தனை மாதம்? மூன்று. ஒரு பள்ளிக்கு ஆண்டுக்கு 15,000 ரூபாய். ஒரே நேரத்தில் நான்கு பள்ளிகளை ஓடியோடிப் பார்த்துக்கொள்ளும் மாஸ்டருக்கு மூன்று மாதம் தலா 20,000 வரும். அதில் பேருந்துக்கும் பெட்ரோலுக்கும் போனது போக மீதி. மற்ற ஒன்பது மாதத்துக்கு அந்தப் பள்ளிகளில் அவருக்கு வேலை இல்லை. மாணவிகளின் பக்கமிருந்து பார்த்தால் நிலைமை இன்னும் மோசம். விழாமல் நிற்கவும், தூரத்தைக் கணிக்கவும், பயத்தில் உறையாமல் குரல் எழுப்பவும் பழகுவதற்குள் பயிற்சி முடிந்துவிடுகிறது. அடுத்த ஆண்டு வேறொரு மாஸ்டர் முதலிலிருந்து தொடங்குகிறார்.

பள்ளியில் நிரந்தரமாக நுழைய வழி இருக்கிறதா என்றால், உடற்கல்வி ஆசிரியர் பணிக்கு உடற்கல்விப் படிப்பு வேண்டும். இருபது ஆண்டு கம்பு சுற்றிய ஆசானின் அனுபவமோ கறுப்பு பெல்ட்டோ அதற்கு ஈடாகாது. சிலம்பத்துக்கு அண்மையில் நல்ல காலம் பிறந்திருப்பது உண்மை. அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கான 3 விழுக்காடு ஒதுக்கீட்டில் அது சேர்க்கப்பட்டது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் விளையாட்டில் செய்முறை விளையாட்டாக இடம்பெற்றது. வகுப்புகளில் கூட்டம் பெருகியது. ஆனால் ஒதுக்கீடு மாணவருக்கு. ஆசானுக்கு அதில் எதுவும் இல்லை. சான்றிதழ் வேண்டுமானால் அங்கீகாரம் பெற்ற சங்கத்தின் போட்டியில் வெல்ல வேண்டும் என்பதால், பிள்ளைகள் சங்கத்தோடு தொடர்புள்ள பயிற்சியாளரை நாடுகிறார்கள். எந்தச் சங்கத்திலும் பெயர் பதியாத கிராமத்து வாத்தியார், தான் கட்டிக்காத்த பாணியோடு ஓரமாக நிற்கிறார். போட்டியின் புள்ளி முறைக்கு ஏற்ற அடிகள் பெருக, புள்ளி வராத சுவடுகள் அவரோடு போய்விடும்.

செய்ய வேண்டியது தெளிவாகவே இருக்கிறது. மூன்று மாதத் தற்காப்புத் திட்டத்தைக் கல்வியாண்டு முழுவதற்கும் நீட்டித்து, அதே பயிற்றுநர் அதே பள்ளியில் தொடர வழி செய்ய வேண்டும். மூத்த சிலம்ப, அடிமுறை ஆசான்களைப் பட்டம் கேட்காமல், செய்முறைத் தேர்வு வைத்துப் பள்ளிகளில் சிறப்புப் பயிற்றுநர்களாக அமர்த்த வேண்டும். காசு வாங்கிக் கற்றுக்கொடுப்பவர் முதலுதவியும் குழந்தைப் பாதுகாப்பும் தெரிந்தவர் என்பதை உறுதிசெய்யும் எளிய உரிமம் ஒன்று வேண்டும். பிரான்ஸ் 1955இல் செய்ததை நாம் இப்போதாவது தொடங்கலாம். பெற்றோருக்கும் இதில் பங்குண்டு. அடுத்த பெல்ட் எப்போது என்று மாஸ்டரிடம் கேட்பதை நிறுத்திவிட்டு, பிள்ளை என்ன கற்றுக்கொண்டது என்று கேளுங்கள். மாதக் கட்டணத்தை, கணக்கு டியூஷனுக்குக் கொடுப்பதுபோல, பேரம் பேசாமல் மாதத் தொடக்கத்திலேயே கொடுங்கள்.